செம்பனை எண்ணெய் (பாமாயில்) சந்தை நிருபர் வேலை, 4,200 வெள்ளி: போகலாமா?

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் ஆறு வருடமாக நிருபர். அடிப்படைச் சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்). காலையில் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, மத்தியானம் நாடாளுமன்றம், ராத்திரி கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடுகிறேன். இப்போது மூலப்பொருள் சந்தைச் செய்தி மட்டும் போடும் ஒரு நிறுவனம் செம்பனை எண்ணெய்ப் பிரிவுக்குக் கூப்பிடுகிறது. சம்பளம் 4,200, அதில் 3,500 அடிப்படை, 700 பயணப்படி. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-ல் நின்றுபோனதைப் பார்த்தவன், அதனால் பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

பினாங்குக்காரன்:
போங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது! நான் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பொதுச் செய்தி எழுதியபோது யாரும் சீந்தவில்லை, துறை தெரிந்த பிறகுதான் மற்ற இடங்களிலிருந்து போன் வந்தது.

சந்தை அக்கா:
தம்பி, 4,200 என்று மொத்தமாகப் பார்க்காதே. பயணப்படிக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கிடையாது. 3,500-க்கு முதலாளி போடும் 13 சதவீதம் 455 வெள்ளி, 4,200-க்கு என்றால் 546. மாதம் 91 வெள்ளி போகிறது, அதைக் கேட்க யாருக்கும் தோன்றாது.

சரி, அப்படியானால் முழுவதையும் அடிப்படையில் போடச் சொல்லலாமா? அங்கேதான் கண்ணி. 2023 ஜனவரியிலிருந்து மாதச் சம்பளம் 4,000-ஐத் தாண்டினால் சட்டப்படி ஓடி (ஓவர்டைம் காசு) கேட்க முடியாது, பயணப்படி அந்தக் கணக்கில் வராது. இந்த வேலையில் ஓடி சும்மா விஷயம் இல்லை. பாமாயில் சந்தை மாலை 6 மணிக்கு மூடினாலும், திங்கள் முதல் வியாழன் வரை இரவு 9-லிருந்து 11.30 வரை மறுபடி நடக்கிறது, யாராவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். மாதா மாதம் 10-ஆம் தேதி வாக்கில் செம்பனை எண்ணெய் வாரியத்தின் கையிருப்புக் கணக்கு வரும், அன்றைக்குச் சாப்பாட்டை மறந்துவிடு.

அதனால் 3,900 அடிப்படை, 300 பயணப்படி என்று கேள். அவர்களுக்குச் செலவு பெரிதாக ஒன்றும் ஏறாது. உனக்கு இபிஎஃப் 507 ஆகும், ஓடி மணிக்கு 28 வெள்ளி வரும் (3,900-ஐ 26-ஆல், அப்புறம் 8-ஆல் வகுத்து ஒன்றரை மடங்கு).

பினாங்குக்காரன்:
அக்கா, இதை எனக்குப் பத்து வருடம் முன்னால் யாரும் சொல்லவில்லையே. என் பழைய இடத்தில் பாதிச் சம்பளம் 'பெட்ரோல் காசு' என்ற பெயரில்தான் வந்தது.

கேட்டவர்:
நன்றி அக்கா. இன்று போன் போட்டு 3,900 கேட்டேன். எச்ஆர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொன்னார்கள். இரவு ஷிப்டுக்குச் சுழற்சி உண்டா என்று கேட்க மறந்துவிட்டேன்.

சந்தை அக்கா:
கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடு. வாயால் சொன்னால் போதாது, கடிதத்தில் வர வேண்டும்.