ஸ்டோன் செம்மறி வேட்டைக்கு எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா?

பீஸ் நதிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்டில் வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில், மஸ்க்வா-கெச்சிகா மலைகளில் ஸ்டோன் செம்மறிக் கிடா வேட்டைக்குப் போகிறோம். நானும் நண்பரும் பி.சி. வாசிகள் என்பதால் கைடு இல்லை. பத்து நாள் சாப்பாடு, கூடாரம் எல்லாம் முதுகில்தான். துப்பாக்கி உரிமம், வேட்டைப் பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டன. இப்போது கையில் இருப்பது தடித்த குழல் போட்ட .308. ஸ்கோப்போடு 4.8 கிலோ, மலைக்கு ஆகாது. ஸ்கோப் உட்பட 3,000 கனேடிய டாலருக்குள் புதிதாக வாங்கலாம் என்றிருக்கிறேன். 6.5 கிரீட்மூர், .270 வின்செஸ்டர், 7 எம்.எம். பி.ஆர்.சி., .300 வின் மேக் (வின்செஸ்டர் மேக்னம்), இந்த நான்கு தோட்டா வகைகளில் எது? எடை எவ்வளவு வரை குறைக்கலாம்? அந்தப் பக்கம் கிரிஸ்லி கரடி உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கேசியார் பெரியவர்:

தம்பி, தோட்டாவைப் பிறகு பார்ப்போம், முதலில் எடை. ஸ்கோப், ரிங், வார், நான்கு தோட்டா எல்லாம் சேர்த்து 3.2 முதல் 3.6 கிலோவுக்குள் நிற்கட்டும். அதற்குக் கீழேயும் கிடைக்கும். கிம்பர் மவுண்டன் அசென்ட் வெறும் ரைஃபிள் 2.2 கிலோதான். ஆனால் ஏறி வந்த மூச்சிரைப்போடு படுத்துக் குறி பார்க்கும்போது, எடை குறையக் குறைய ஸ்கோப்பில் தெரியும் குறுக்கு இழை ஆடிக்கொண்டே இருக்கும். உதையும் கூடும். உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்த மாட்டான், வெடுக்கென்று இழுப்பான்.

உங்கள் பணத்துக்கு டிக்கா டி3எக்ஸ் லைட், துருப்பிடிக்காத எஃகு மாடலை வாங்குங்கள். வெறும் ரைஃபிள் சுமார் 2.9 கிலோ. அதன்மேல் லியூபோல்ட் 3.5-10×40 மாதிரி 370 கிராம் அளவில் ஒரு ஸ்கோப், அலுமினிய ரிங். மொத்தம் மூன்றரை கிலோவில் முடியும். கடைக்காரர் காட்டும் 800 கிராம் ஸ்கோப்பைத் தொடாதீர்கள். ரைஃபிளில் காசு கொடுத்துக் குறைத்த எடை அதிலேயே திரும்பி வந்துவிடும். மரக்கட்டையும் வேண்டாம். மழையில் ஊறி உப்பிக் குழலை ஒரு பக்கமாக அழுத்தும், குண்டு படும் இடம் மாறிவிடும்.

இனித் தோட்டா. நன்றாக வளர்ந்த ஸ்டோன் கிடா 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மூஸ் மாதிரி கனத்த எலும்பு கிடையாது. நுரையீரலில் ஒழுங்காக விரியும் குண்டு ஒன்று போதும். .270 வந்தது 1925-ல். வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் செம்மறி வேட்டையில் பெயர் வாங்கியதும் அதை வைத்துத்தான். 130 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு வினாடிக்கு 3,060 அடி வேகத்தில் கிளம்பும். 200 யார்டில் ஜீரோ செய்தால், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 300-ல் ஏறக்குறைய 6 இஞ்ச், 400-ல் 18, 19 இஞ்ச் இறங்கும். கிரீட்மூரில் 143 கிரெய்ன், 2,700 அடி. இறக்கம் 300-ல் 8, 400-ல் 22. இந்த மூன்று, நான்கு இஞ்ச்சுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கிரீட்மூரின் குண்டு நீளம் என்பதால் காற்றில் ஒதுங்குவது குறைவு: மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றில் 400 யார்டில் சுமார் 10 இஞ்ச். .270 அதே காற்றில் ஓரடி ஒதுங்கும்.

உதையில்தான் நிஜமான வேறுபாடு. 3.2 கிலோ ரைஃபிளில் கிரீட்மூர் உதைப்பது சுமார் 15 அடி-பவுண்டு, .270 20, .300 வின் மேக் 34. ரேஞ்சில் நாற்பது தோட்டா சுட்டுப் பழக மனசு வரும் தோட்டாவை எடுங்கள். என் வாக்கு .270-க்கு. கிரீட்மூர் வாங்கினாலும் தப்பில்லை.

கேல்கரி மாறன்:

பெரியவர் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். மரமே இல்லாத மலையில் நெருங்க வழியில்லாமல் 500 யார்டுக்கு அப்பால் கிடா நிற்பது சாதாரணம். 7 எம்.எம். பி.ஆர்.சி.யில் 175 கிரெய்ன் குண்டு 3,000 அடியில் போகும். காற்றில் மற்ற மூன்றையும்விட நன்றாகத் தாக்குப் பிடிக்கும். உதையைக் குறைக்கக் குழல் வாயில் மாட்டும் மசில் பிரேக் போட்டுக்கொள்ளலாமே?

கேசியார் பெரியவர்:

மாறன், பி.ஆர்.சி.யின் உதை வின் மேக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிரேக் உதையைக் குறைக்கும், சரி. ஆனால் வெடிச்சத்தத்தை அப்படியே பக்கவாட்டில் தள்ளும். ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு (தூரத்து விலங்கைப் பார்க்கும் தொலைநோக்கி) பக்கத்தில் படுத்திருக்கும் நண்பருக்கு அந்த ஒரு சூடு காதைக் கெடுத்துவிடும். காதடைப்பான் மாட்ட அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. இன்னொன்று, பயணத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்தால், வடக்கே சிறு ஊர்க் கடையில் .270, .308, .300 வின் மேக் கிடைக்க வாய்ப்பு அதிகம். பி.ஆர்.சி.யை நம்பிப் போக முடியாது. 500 யார்டில் நிற்கும் கிடாவை விட்டுவிட்டு மலையைச் சுற்றிப் போய், மேலேயிருந்து இறங்குவதுதான் முறை. செம்மறி ஆபத்தைப் பெரும்பாலும் கீழேதான் தேடும்.

ஃபேர்பேங்க்ஸ் வாசி:

இங்கே அலாஸ்காவில் டால் செம்மறிக்கும் இதே கணக்குதான். யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன்: சரிவு. குண்டின் இறக்கத்தை முடிவு செய்வது கிடைமட்டத் தூரம். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் 380 யார்டு காட்டுகிறது, சரிவு 35 டிகிரி என்றால் 0.82-ஆல் பெருக்குங்கள்: 311 யார்டுக்கு மட்டும் குறி பிடிக்க வேண்டும். 380-க்குப் பிடித்தால் .270-ல் எட்டு இஞ்ச் மேலே போகும், அதாவது முதுகுக்கு மேல். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் பிழை மேலேதான். கோணத்தைத் தானே கழித்துக் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரை வாங்கி, மலைக்குப் போகுமுன் அந்த வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

செங்குத்தாக மேலே பார்த்துப் படுத்துச் சுடும்போது கண் ஸ்கோப்புக்குள் நகர்ந்துவிடும், புருவம் கிழியும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இடைவெளி கொடுக்கும் ஸ்கோப்பை எடுங்கள். அதை மாட்டும்போது மேசையில் உட்கார்ந்து அளக்காமல், படுத்த நிலையில் அளந்து மாட்டுங்கள்.

காற்றும் ஏமாற்றும். காலையில் சரிவில் இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும். நீங்கள் படுத்திருக்கும் பாறையில் அசைவே இருக்காது, நடுவிலுள்ள பள்ளத்தில் புல் படுத்துக் கிடக்கும். அந்தப் புல்லைப் பாருங்கள்.

கரடிக்காகப் பெரிய தோட்டா எடுக்க வேண்டாம். கரடி ஸ்பிரேயை இடுப்பில் வையுங்கள், பையின் அடியில் வைத்தால் பிரயோஜனமில்லை. இறைச்சியைக் கூடாரத்திலிருந்து தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

பீஸ் நதிக்கரையான்:

மிக்க நன்றி ஐயா, எல்லோருக்கும். .270 டிக்கா என்று முடிவு செய்துவிட்டேன். எந்தக் குண்டு? வாங்கியதும் என்னென்ன பார்க்க வேண்டும்?

கேசியார் பெரியவர்:

நோஸ்லர் அக்யூபாண்ட் அல்லது பார்ன்ஸ் டி.டி.எஸ்.எக்ஸ்., இரண்டிலும் 130 கிரெய்ன் பெட்டி ஒவ்வொன்று வாங்கிச் சுட்டுப் பாருங்கள். எதன் குண்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்து விழுகின்றனவோ அதில் ஐந்து பெட்டி, ஒரே லாட் எண்ணில். பார்ன்ஸ் முழுச் செம்பு. வேகம் 2,000 அடிக்குக் கீழே போனால் சரியாக விரியாது. 400 யார்டுக்குள் அந்தக் கவலை இல்லை. 150 கிரெய்னுக்கு மேற்பட்ட நீளக் குண்டுகளைத் தேட வேண்டாம். .270 குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிகளின் முறுக்கு 10 இஞ்ச்சுக்கு ஒரு சுற்று, அவற்றை நிலையாகச் சுழற்ற அது போதாது.

ஸ்கோப் ரிங்கின் மேல் திருகுகளை டார்க் டிரைவரால் 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு வரை முடுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். டிக்காவின் பிளாஸ்டிக் முன்கட்டை வளையும். வாரைக் கையில் இறுக்கிச் சுற்றிப் பிடித்தாலோ, பையின் மேல் அழுத்தினாலோ குழலைத் தொட்டுவிடும். வெறும் பிடியில் விழும் இடமும் இறுக்கிய பிடியில் விழும் இடமும் ஒன்றா என்று ரேஞ்சில் சோதியுங்கள். மெல்லிய குழல் என்பதால் மூன்று சூட்டுக்கு மேல் சுட்டால் சூடேறிக் குண்டு தள்ளி விழும். பத்து நிமிடம் ஆறவிட்டுச் சுடுங்கள். ஜீரோ செய்யும்போது குளிர்ந்த குழலின் முதல் சூட்டை மட்டும் நம்புங்கள். கிடா நிற்கும்போது இருக்கப்போவது அதுதான்.

மேசையிலேயே பழகாதீர்கள். எட்டு இஞ்ச் காகிதத் தட்டை வைத்து, நூறு மீட்டர் ஓடிவந்து, முதுகுப்பையின் மேல் சாய்ந்து சுடுங்கள். எந்தத் தூரத்தில் ஒன்று தவறத் தொடங்குகிறதோ, உங்கள் எல்லை அதற்கு முந்தைய தூரம்.

ரைஃபிளில் மிச்சமாகும் பணத்தை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் போடுங்கள். பி.சி.யில் கொம்பு நுனி, நேர் பக்கவாட்டில் பார்க்கும்போது, நெற்றி-மூக்குக் கோட்டைத் தாண்டி மேலேற வேண்டும். இல்லையென்றால் கொம்பின் வருட வளையங்கள் எட்டு வயதைக் காட்ட வேண்டும். தலையைத் திருப்பி நிற்கும் கிடாவில் இதைச் சொல்லவே முடியாது. நேர்ப்பக்கம் காட்டும்வரை காத்திருங்கள், காட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள். கொம்பு பிறகு கட்டாய ஆய்வுக்குப் போகும்.

ஃபேர்பேங்க்ஸ் வாசி:

இரண்டு சின்ன விஷயம். குழல் வாயில் எலக்ட்ரிக்கல் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள், மழையும் பனியும் உள்ளே போகாது. எடுக்காமலே சுடலாம், குறி மாறாது. வழுக்கி விழுந்து துப்பாக்கி பாறையில் அடிபட்டால், அன்றே ஒரு தோட்டாவைச் செலவழித்து 100 யார்டில் ஜீரோ பாருங்கள். அதற்காக இருபது தோட்டாவாவது பையில் இருக்கட்டும்.