வீவக வீட்டுக்கு ஒயின் ஃபிரிட்ஜ்: கம்ப்ரசரா, பெல்டியரா?

தெம்பனிஸ்வாசி:
வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சமையலறை ஓரத்தில் வைக்க ஒயின் ஃபிரிட்ஜ் தேடுகிறேன். 18 பாட்டில் பெல்டியர் வகை (கம்ப்ரசர் இல்லாமல் மின்சாரச் சில்லால் குளிர்விப்பது) சத்தமே போடாது, விலையும் குறைவு. 40 பாட்டில் கம்ப்ரசர் வகைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. ரெட் ஒயின்தான் அதிகம், சில பாட்டில்களை ஐந்தாறு வருடம் வைத்திருக்க ஆசை. எதை வாங்கலாம்?

கார்க்குமாமா:
கம்ப்ரசர்தான் தம்பி, சிங்கப்பூர் வெயிலுக்கு வேறு பேச்சே இல்லை. பெல்டியர் சில்லு ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும், அந்தச் சூட்டை விசிறி அறைக்குள்தான் தள்ளும். அறை வெப்பத்தைவிடச் சுமார் 12 முதல் 15 டிகிரிதான் அதனால் குறைக்க முடியும். மதியம் சமையலறை 32 டிகிரி என்றால் உள்ளே 17க்குக் கீழே போகாது, பல நேரம் 20. வருடக்கணக்கில் வைக்கும் ஒயினுக்கு 12, 13 டிகிரி வேண்டும்.

மாடிக்காற்று:
நான்கு டிகிரிக்கு இவ்வளவு பயமா? ஒயினைக் கெடுப்பது ஏறி இறங்கும் வெப்பம்தான், நிலையான 17 இல்லை. பெல்டியரில் அதிர்வு கிடையாது, சின்ன வீட்டில் ராத்திரி கம்ப்ரசர் உறுமுவதும் இல்லை. ஏர்கான் அறையில் வைத்தால் தீர்ந்தது.

கார்க்குமாமா:
ஏறி இறங்குவதுதான் பிரச்சினை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் ஏன் பெல்டியர்? ராத்திரி ஏர்கான் ஓடும்போது உள்ளே 12, காலையில் அணைத்துவிட்டு வேலைக்குப் போனால் அறை சூடாகி உள்ளேயும் 17, 18. தினமும் இதே கதை. கம்ப்ரசர் வெளியில் என்ன வெயில் அடித்தாலும் வைத்த இடத்தில் நிற்கும்.

சும்மாகுடி:
இரண்டுமே வேண்டாம் என்பேன். கடையில் கிடைக்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடத்தில் குடிக்கத்தான். நியூசிலாந்து மார்ல்பரோ வட்டார வெள்ளை ஒயினான சாவினியான் பிளாங்க் திருகு மூடியில் வருகிறது, அதற்கு எதற்கு இத்தனை ஏற்பாடு? இங்கே 13 சதவீத ஒயின் பாட்டில் ஒன்றுக்கு மதுவரி மட்டும் எட்டரை வெள்ளிக்கு மேல், அதன்மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி. அந்தப் பணத்தில் நல்ல ஒயினாக வாங்கிச் சீக்கிரம் குடியுங்கள்.

கார்க்குமாமா:
அவ்வளவு வரி கட்டி வாங்கியதை 31 டிகிரி அலமாரியில் வேகவிடுவதுதான் வீண் செலவு. சாதா ஃபிரிட்ஜ் சில வாரங்களுக்குச் சரி, 4 டிகிரி வறண்ட குளிரில் வருடக்கணக்கில் வைத்தால் கார்க் காய்ந்து காற்று புகுந்துவிடும். அவர் ஐந்தாறு வருடம் வைக்கக் கேட்கிறார், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தம்பி, பின்பக்க லேபிளைப் பார்த்து வாங்குங்கள். 'என்' வகை 32 டிகிரி அறை வரைக்கும்தான், 'எஸ்டி' 38, 'டி' 43. நமக்கு எஸ்டியாவது வேண்டும். 40 பாட்டில் என்பது ஒல்லியான போர்டோ பாட்டில் கணக்கு, பர்கண்டி, ஷாம்பெயின் பாட்டில்கள் பருமனானவை, முப்பது அடுக்கினாலே பெரிது. சூடு பின்னால் வெளியேறும் வகையை அலமாரிக்குள் அடைக்காதீர்கள், முன்பக்கம் வெளியேறும் வகைதான் அதற்கு ஆகும்.

தெம்பனிஸ்வாசி:
எஸ்டி என்றே எழுதியிருக்கிறது. ரெட்டுக்கும் வெள்ளைக்கும் தனித்தனியாக இரண்டு வெப்பநிலை உள்ளதாகப் பார்க்கட்டுமா?

மாடிக்காற்று:
அதற்குக் காசு கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் 12இல் வைத்துவிட்டு, வெள்ளை ஒயினை மட்டும் குடிப்பதற்குச் சற்று முன் சாதா ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் போதும். ஆனால் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைப்பதானால் கடையில் அதை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்காமல் வாங்காதீர்கள், அந்தச் சத்தத்தை நான் இன்னும் விடமாட்டேன்.