அப்புச்சியின் கைப்பேசியில் தெரியாத பெயர்கள்

வாட்ஸ்அப் குழு: கோபி வீட்டார்

காலை 6.14, கோபி அப்புச்சி:
அனைவருக்கும் வணக்கம். ஒரு வாரமாக என் கைப்பேசியின் சார்ஜ் மதியம் இரண்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. காரணம் தெரிந்துகொள்ளலாம் என்று நேற்று இரவு சாளைத் திண்ணையில் உட்கார்ந்து அமைப்புகளில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, மூலையில் இருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'சிஸ்டம் செயலிகளைக் காட்டு' என்பதை அழுத்தினேன். நான் ஒரு நாளும் நிறுவாத நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் கூகுள் ப்ளே சர்வீசஸ், கேரியர் சர்வீசஸ், சிம் டூல்கிட் ஆகிய மூன்றை முடக்கிவிட்டு, பெயர்களை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். கயல் கண்ணு, இவர்களெல்லாம் யார்?

காலை 6.22, பல்லடம் மாமா:
அப்பா, கைப்பேசியைச் சுத்தம் செய்யும் செயலி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பின்னால் ஓடுகிற அனைத்தையும் ஒரே அழுத்தில் நிறுத்திவிடும். எப்படி என்று குரல் செய்தியில் சொல்லட்டுமா?

காலை 6.25, கோபி அப்புச்சி:
குரல் செய்தி வேண்டாம், எழுது. இந்தக் குழுவில் எழுதித்தான் பேச வேண்டும் என்று பொங்கலன்றே முடிவு செய்திருக்கிறோம். இன்னொரு செய்தியும் இருக்கிறது. நேற்று இரவு வாழைக்குத் தண்ணீர் விட்டிருந்தேன். மோட்டார் ஓடத் தொடங்கினாலும் நின்றாலும் வழக்கமாகக் கைப்பேசிக்கு அறிவிப்பு வரும். நேற்று எதுவுமே வரவில்லை. தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், அந்தத் தோட்டத்துக்காரர் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து என்னை எழுப்பினார். ஸ்டார்ட்டர் பழுதாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

காலை 7.03, கயல்:
அப்புச்சி, ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் இருக்கும். அது அனுப்பிய செய்தியை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கிறவரை நீங்களே முடக்கிவிட்டீர்கள். கைப்பேசியில் உள்ள ஒவ்வொரு செயலியும் தன் நிறுவனத்தோடு தனித்தனியாக இணைப்பு வைத்துக்கொண்டு விழித்திருந்தால் மின்கலம் அரை நாள்கூடத் தாங்காது என்பதால், ப்ளே சர்வீசஸ் ஒரே ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரும்பாலான செயலிகளுக்கு வருகிற அறிவிப்புகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடக்காமல், ஊருக்கு ஒரு வண்டி வந்து எடுத்துப் போவதைப் போன்றது இது. நேற்று இரவு நீங்கள் அந்த வண்டியை நிறுத்திவிட்டீர்கள். மோட்டார் செயலியின் கேன் திண்ணையிலேயே இருந்துவிட்டது. தயவுசெய்து அதை முதலில் இயக்கிவிடுங்கள்.

கேரியர் சர்வீசஸ் என்பது குறுஞ்செய்தியிலேயே படம் அனுப்பவும், எதிரில் இருப்பவர் படித்துவிட்டாரா என்று பார்க்கவும் உதவுகிற ஆர்சிஎஸ் சேவைக்கு உரியது. சிம் டூல்கிட் உங்கள் சிம் அட்டைக்குள் இருக்கிற பட்டியலைத் திரையில் காட்டுகிற சிறிய செயலி. அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

காலை 7.15, கோபி அப்புச்சி:
மூன்றையும் இயக்கிவிட்டேன். இயக்கிய சில நிமிடங்களில் நேற்று இரவிலிருந்து தேங்கியிருந்த அறிவிப்புகள் கோணியைக் கவிழ்த்தாற்போல் கொட்டின. மோட்டார் இரவு 11.52-க்கு ஓடத் தொடங்கியதாக இப்போது, காலை ஏழே காலுக்கு, தெரிந்துகொண்டேன். அது போகட்டும். இந்தப் பெயர்கள் ஏன் இப்படி இருக்கின்றன? ஒன்றின் அடியில் 'காம்.கூகுள்.ஆண்ட்ராய்டு.ஜிஎம்எஸ்' என்று எழுதியிருந்தது. படித்தவன் எவனும் இப்படிப் பெயர் வைப்பானா?

காலை 7.34, கயல்:
அது செயலியின் விலாசம், அப்புச்சி. நாம் கடிதத்தில் வீட்டு எண், தெரு, ஊர், வட்டம், மாவட்டம் என்று உள்ளிருந்து வெளியே எழுதுகிறோம். இவர்கள் மாவட்டத்தில் தொடங்கி வீட்டில் முடிக்கிறார்கள். நிறுவனத்தின் இணைய முகவரியான கூகுள்.காம் என்பதைத் திருப்பிப் போட்டால் காம்.கூகுள் ஆகிறது, அதன் பின்னால் ஆண்ட்ராய்டு, கடைசியில் கூகுள் மொபைல் சர்வீசஸ் என்பதன் சுருக்கமான ஜிஎம்எஸ். உலகில் இரண்டு பேர் ஒரே பெயரை வைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் இது. நீங்கள் படிப்பதற்காக வைத்த பெயர்கள் அல்ல என்பதால்தான் இவை முகத்தில் அடித்தாற்போல் தெரிகின்றன.

இன்னும் உள்ளே போனால் 'சைகோட்' என்று ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசி, லினக்ஸ் கரு என்ற அடிப்படை நிரலின் மேல் ஓடுவது. அது விழித்தெழும்போதே சைகோட் பிறந்து, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாகத் தேவைப்படுவனவற்றைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் எந்தச் செயலியைத் தொட்டாலும் அது தன்னையே ஒரு நகல் எடுத்து அந்தச் செயலியாக மாறுகிறது. கருவுற்ற முட்டைக்கு உரிய சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அப்படிப் பிறந்த ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் கொடுத்து, தனி அறையில் பூட்டி வைப்பது போல வைத்திருப்பதால், ஒன்றின் கோப்புகளை இன்னொன்று தன் விருப்பத்துக்கு எடுக்க முடியாது. உங்களிடம் அனுமதி கேட்டுத்தான் வெளியே கை நீட்ட முடியும்.

காலை 7.40, பல்லடம் மாமா:
நான் சொன்ன சுத்தம் செய்யும் செயலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, அம்மணி.

காலை 7.52, கயல்:
கோபித்துக்கொள்ள வேண்டாம், மாமா. உங்கள் தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற தறியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி மறுபடி ஓட்டினால், மிச்சமாகிற மின்சாரத்தைவிட நிறுத்திய இடங்களில் துணியில் விழுகிற கோடுகளால் வருகிற நட்டம்தானே அதிகம்? கைப்பேசியும் ஒரு செயலியைப் பாதி விழிப்பில் நினைவகத்தில் வைத்திருப்பது அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காகத்தான். இடம் போதாவிட்டால் யாரை வெளியேற்றுவது என்று அதற்கே தெரியும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், தொடாமல் கிடக்கிற கைப்பேசி தானாகவே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிற டோஸ் என்ற ஏற்பாடும் இருக்கிறது. சுத்தம் செய்கிற செயலி இவற்றையெல்லாம் அடித்து எழுப்பி விரட்டும், விரட்டப்பட்டவை முதலிலிருந்து மீண்டும் தொடங்கும், செலவு கூடும். அதைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

காலை 8.20, பெருந்துறை சித்தி:
என்னுடையது ஐபோன் என்பதால் இவ்வளவு தொல்லை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் செய்தியைப் பார்த்துவிட்டு நானும் தனியுரிமைப் பகுதிக்குள் போய் அனலிட்டிக்ஸ் தரவைத் திறந்தேன். 'ஜெட்சம்ஈவென்ட்' என்ற பெயரில் பத்துப் பன்னிரண்டு கோப்புகள் இருக்கின்றன. 'டி' என்ற எழுத்தில் முடிகிற பெயர்களும் நிறைய இருக்கின்றன. யாராவது என் கைப்பேசிக்குள் புகுந்திருக்கிறார்களா?

காலை 8.41, கயல்:
ஒருவரும் புகவில்லை, சித்தி. புயலில் சிக்கிய கப்பலின் பாரத்தைக் குறைக்க மாலுமிகள் கடலில் தூக்கி எறிகிற சரக்குக்கு ஆங்கிலத்தில் ஜெட்சம் என்று பெயர். நினைவகம் நெருக்கடியானபோது ஐபோன் எந்தச் செயலியைத் தூக்கி எறிந்தது என்று எழுதி வைத்த குறிப்புதான் அந்தக் கோப்பு. 'டி' என்பது டீமன் என்பதன் முதல் எழுத்து. திரைக்கு வராமல் பின்னால் நின்று வேலை செய்கிற நிரலுக்கு அந்தப் பெயர். 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடியில் கணினி வேலை செய்தவர்கள், இயற்பியலறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, கண்ணுக்குத் தெரியாமல் மூலக்கூறுகளைப் பிரித்து அனுப்புகிற குட்டிப் பூதத்தை நினைத்து வைத்த பெயர் அது.

காலை 8.46, கோபி அப்புச்சி:
பூதம் என்று ஏன் சொல்ல வேண்டும்? ஊர் எல்லையில் நிற்கிற கருப்பராயன் என்று சொல். இரவெல்லாம் காவல் காக்கிறார், ஒருவர் கண்ணிலும் படுவதில்லை, பூசை தவறினால் மட்டும்தான் அவர் இருப்பது தெரிகிறது. நேற்று நான் பூசையைத் தவறவிட்டேன், வரப்பு உடைந்தது.

காலை 9.10, பல்லடம் மாமா:
நானும் என் பட்டியலைப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு சிஸ்டம் சேஃப்டிகோர் என்று ஒன்று இருக்கிறது. அது நம் புகைப்படங்களைப் பார்ப்பதாக எங்கள் சங்கக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதை எடுத்துவிடப் போகிறேன். மற்றபடி ப்ளே ஸ்டோர், சிஸ்டம் அப்டேட், வெப்வியூ என்று எல்லாம் தெரிந்த பெயர்கள்தான்.

காலை 9.24, கயல்:
சேஃப்டிகோர் 2024-இன் பிற்பகுதியில் ஆண்ட்ராய்டு 9-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் வந்தது. கூகுள் மெசேஜஸில் ஆபாசப் படம் வந்தால் அதை மங்கலாக்கி எச்சரிக்கிற வசதிக்குப் பின்னால் இருப்பது அதுதான். படத்தை வகைப்படுத்துவது கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது, வெளியே அனுப்பப்படுவதில்லை என்பது கூகுளின் விளக்கம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வந்து உட்கார்ந்ததுதான் பலருக்கும் எரிச்சல். அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், வேறெதுவும் கெடாது. வெப்வியூவை மட்டும் தொடாதீர்கள். செயலிகளுக்குள் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டுகிற கண்ணாடி அது. 2021 மார்ச்சில் அதற்கு வந்த ஒரு பிழையான புதுப்பிப்பால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் உலகெங்கும் திறந்தவுடன் மூடிக்கொண்டன. கூகுள் வேறு புதுப்பிப்பு அனுப்பித்தான் சரியாயிற்று.

ஆனால் மாமா, 'சிஸ்டம் அப்டேட்' என்றீர்களே, அது எப்படி இருக்கிறது? அதைத் தொட்டு உள்ளே போய், கடைசி வரி வரை இறங்கி, எங்கிருந்து நிறுவப்பட்டது என்று பாருங்கள்.

காலை 9.31, பல்லடம் மாமா:
பல்சக்கரப் படம் போட்டிருக்கிறது. கம்பெனி வைத்தது என்று நினைத்திருந்தேன். ப்ளே ஸ்டோரிலிருந்து என்றோ வேறெங்கிருந்து என்றோ ஒன்றும் இல்லை. அனுமதிகளில் குறுஞ்செய்தி, தொடர்புகள், அழைப்புகள் மூன்றும் இருக்கின்றன. நிறுவல் நீக்கு என்ற பொத்தான் மங்கிக் கிடக்கிறது, அழுத்தினால் அசையவில்லை.

காலை 9.33, கயல்:
மாமா, இப்போதே மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். தை பிறந்த பிறகு யாராவது உங்களுக்குத் திருமண அழைப்பிதழ் என்று கோப்பு அனுப்பினார்களா?

காலை 9.41, பல்லடம் அத்தை:
மாமாதான் அத்தையின் கைப்பேசியிலிருந்து எழுதுகிறேன். ஆமாம், தறிக்குப் பாவு நூல் கொடுக்கிறவர் எண்ணிலிருந்து வந்தது. தொட்டதும் ஏதோ அனுமதி கேட்டது, கொடுத்தேன். அழைப்பிதழ் திறக்கவே இல்லை. முகூர்த்த மாதம், தினமும் நான்கு பத்திரிகை வருகிறது, ஒன்று திறக்காவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன்.

காலை 9.55, கயல்:
அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். அந்தக் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்திருக்கும். அது பத்திரிகை அல்ல, செயலி. நிறுவும்போது அது அணுகல்தன்மை என்ற அனுமதியையும் கேட்டிருக்கும். கண்பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லவும் அவர்கள் சார்பாகத் தொடவும் ஏற்பட்ட வசதி அது; திருடன் கையில் கிடைத்தால் உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே உங்கள் விரலாகவும் வேலை செய்யும். சாதன நிர்வாகி என்ற பதவியையும் வாங்கிக்கொண்டதால்தான் நீக்க முடியவில்லை.

மின்பொத்தானை அழுத்தி, 'பவர் ஆஃப்' வந்ததும் அதன் மேல் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். பாதுகாப்புப் பயன்முறை என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். வெளியிலிருந்து நிறுவிய செயலிகள் அந்த நிலையில் ஓடாது. பிறகு பாதுகாப்புப் பகுதியில் சாதன நிர்வாகிப் பட்டியலிலிருந்து அதை இறக்குங்கள், அணுகல்தன்மையிலும் அணையுங்கள், அதன் பின் நீக்குங்கள். சில மாதிரிகளில் இந்த வழி வேறாக இருக்கலாம். வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னை அழையுங்கள். அதற்கு முன், அத்தையின் கைப்பேசியிலிருந்தே வங்கிக்குப் பேசி இணைய வங்கியையும் யுபிஐயையும் நிறுத்திவையுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். உங்கள் பெயரில் அழைப்பிதழ் வந்தால் யாரும் திறக்க வேண்டாம் என்று தறிக்காரர்கள் குழுவில் எழுதிவிடுங்கள். இவை பெரும்பாலும் தொடர்பில் உள்ள எல்லோருக்கும் தம்மையே அனுப்பிக்கொள்ளும்.

காலை 10.48, பல்லடம் அத்தை:
நீக்கியாயிற்று. கணக்கில் பணம் குறையவில்லை. ஆனால் அந்த அழைப்பிதழைத் தொட்ட பிறகு வந்த ஓடிபி குறுஞ்செய்திகள் மூன்று, நான் பார்க்காமலே படித்தவையாகக் கிடக்கின்றன. நினைத்தால் கை நடுங்குகிறது.

காலை 10.52, கோபி அப்புச்சி:
வேலை செய்கிற ஆளை, பெயர் புரியவில்லை என்று நான் வீட்டுக்கு அனுப்பினேன். களவாட வந்தவனை, பெயர் புரிந்தது என்று நீ திண்ணையில் உட்காரவைத்தாய்.

காலை 11.05, கயல்:
நீக்கியது போதாது, மாமா. படங்களை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிடுங்கள். கடவுச்சொற்களை அத்தையின் கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். சிஸ்டம் என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம், பல்சக்கரமும் வரைந்துகொள்ளலாம். கைப்பேசியோடு வந்த உண்மையான சிஸ்டம் செயலிக்கு உங்களிடம் வந்து அணுகல்தன்மையைக் கெஞ்சிக் கேட்கிற தேவை பெரும்பாலும் இல்லை.

மாலை 4.12, அம்மா:
அப்பா, உங்கள் சார்ஜ் கதை என்னவாயிற்று? காலையில் தொடங்கியதே அதில்தான்.

மாலை 4.25, கயல்:
மறந்தே போய்விட்டது. அப்புச்சி, மின்கலப் பயன்பாட்டைத் திறந்து, முதலில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

மாலை 4.31, கோபி அப்புச்சி:
'மொபைல் நெட்வொர்க்' என்று இருக்கிறது. அதற்கு அடுத்ததாகத்தான் மற்றவை.

மாலை 4.33, கயல்:
பகலில் கைப்பேசியை எங்கே வைக்கிறீர்கள்?

மாலை 4.35, கோபி அப்புச்சி:
போன வாரத்திலிருந்து மோட்டார் ரூமில், தகரக் கூரைக்குக் கீழே உள்ள மாடத்தில். வெயில் படக் கூடாதென்று.

மாலை 4.38, கயல்:
தகரத்துக்குள் சிக்னல் வராது, அப்புச்சி. கோபுரம் எங்கே என்று கைப்பேசி நாளெல்லாம் உரக்கக் கத்திக் கத்தித் தேடுகிறது. சார்ஜ் அங்கேதான் போகிறது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை 4.52, கோபி அப்புச்சி:
வைத்துக்கொண்டேன். மோட்டார் 4.49-க்கு நின்றுவிட்டதாக இப்போதே அறிவிப்பு வந்தது. கிணற்று மேடு வரை நடந்து போய், உண்மையிலேயே நின்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.