"பகுதித் தோல்வி"யா, "குறைநகல்"லா?

அன்புடையீர், வணக்கம்.

கோப்புகளுக்குக் காப்பு (பேக்கப்) எடுக்கும் செயலி இறுதிவரை ஓடி முடிந்தும் சில கோப்புகளைப் படிக்க இயலாமல் விட்டுவிடும் நிலைக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக இங்கே முன்மொழியப்பட்ட "பகுதித் தோல்வி", "பகுதி வெற்றி" ஆகிய இரண்டையுமே ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தோல்வி என்று பெயரிட்டால் ஒவ்வோர் இரவும் மணி அடிக்க வேண்டியிருக்கும். வெற்றி என்றால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

செயலிகள் இந்நிலையைத் தனியாகவே வைத்திருக்கின்றன. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற செயலி முடியும்போது 23 என்ற எண்ணைத் தந்தால், பிழையால் சில கோப்புகள் வந்துசேரவில்லை என்று பொருள். 24 என்றால், பட்டியலிட்டபோது இருந்த கோப்பு நகலெடுக்கப் போனபோது இல்லை என்று பொருள். ரெஸ்டிக் என்ற காப்புச் செயலியிலோ நகல் உருவாகிச் சில மூலக்கோப்புகள் மட்டும் விடுபட்டிருந்தால் 3, நகலே உருவாகாவிட்டால் 1. எண் பெரிதானால் இழப்பும் பெரிது என்று கருதிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. இடையில் ஏடுகள் இல்லாத சுவடியை அவர்கள் தோற்றுப்போன சுவடி என்று சொல்லவில்லை. குறைப்பிரதி என்றார்கள், விட்டுப்போன இடத்தை விடுபாடு என்றார்கள். அவ்வழியில் இந்நிலைக்குக் "குறைநகல்" என்றும், படிக்கப்படாத ஒவ்வொரு கோப்புக்கும் "விடுபாடு" என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. குறைநகல் என்றால் தரம் குறைந்த நகல் என்று சிலர் கொள்ளக்கூடும் என்பது நியாயமான ஐயமே. ஆனால் குறைமாதம், குறைப்பிரசவம் என்று பேசும் நாம் அங்கே தரத்தைக் கருதுவதில்லை.

எப்போது விழிப்பூட்டல் (அலர்ட்) அனுப்புவது என்ற முடிவும் இச்சொற்களால் தெளிவாகிறது என்று நினைக்கிறேன். விடுபாடுகளின் எண்ணிக்கையை மட்டும் வரம்பாக வைப்பது பிழை: மின்னஞ்சல் வழங்கியில் (சர்வர்) அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் நொடிக்கு நொடி மறையும் தற்காலிகக் கோப்புகள் நூறு விடுபட்டாலும் கேடில்லை, கணக்குப் பிரிவின் தரவுத்தளக் கோப்பு பூட்டப்பட்டிருந்ததால் அது ஒன்று மட்டும் விடுபட்டால், மற்றவை எல்லாம் இருந்தும் அந்த நகலால் பயனில்லை. ஆகவே தவறவே கூடாத கோப்புகளின் பட்டியலில் ஒன்று விடுபட்டாலோ, ஒரே கோப்பு தொடர்ந்து மூன்று இரவுகள் விடுபட்டாலோ உடனே விழிப்பூட்டல் போகவேண்டும். மற்ற விடுபாடுகள் காலை அறிக்கையில் ஒரு வரியாக இருந்தால் போதும். மூன்று என்பது என் பழக்கம்; நாள்தோறும் மாறும் தரவை வைத்திருப்பவர்களுக்கு அது அதிகம்.

இவற்றுக்கும் மேலாக, விடுபாடே இல்லாத கடைசி முழுநகலுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் ஒரு வரம்பாகக் கொள்ளவேண்டும். அதையும் காப்பு எடுக்கும் கணினி அல்லாத வேறொரு கணினி கணக்கிடவேண்டும். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர இடமளிக்கும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, 9.6 பதிப்புத் தரவுத்தளத்தை 9.2 பதிப்புக் கருவி கொண்டு எடுக்க முயன்றதால் காப்புகள் தோல்வியுற்றிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. பிழையைச் சொல்லும் மின்னஞ்சல்களைப் பெறுமிடம் நிராகரித்துவிட்டிருந்தது. அது குறைநகல் அன்று, முழுத் தோல்வி. ஆனால் விழிப்பூட்டல் வராததை நலம் என்று கொள்ளும் ஏற்பாடு இரண்டிலும் ஒன்றுதான்.

"அலர்ட்"டுக்கு எச்சரிக்கை என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்துடன் நான் உடன்படவில்லை. செயலியின் பதிவேட்டில் "வார்னிங்" என்பதற்கு அச்சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஆளை எழுப்புவதற்கு விழிப்பூட்டல், பதிவேட்டில் எழுதுவதற்கு எச்சரிக்கை என்று பிரித்துக்கொள்வோம். இடைமுகத்தில் வரக்கூடிய வரி ஒன்றை எழுதிப் பார்த்தேன்: "நேற்றிரவு எடுத்தது குறைநகல், விடுபாடு 3, கடைசி முழுநகலுக்கு 2 நாள்." "பகுதித் தோல்வி"யை வைத்து இதே வரியை எழுதிப் பார்ப்பவர்கள் அதையும் இங்கே இடுமாறு வேண்டுகிறேன்.