கில்டால் தோற்றது கையெழுத்திலா, கடை விலையிலா?

மதியழகன்:
ஐபிஎம் நிறுவனத்தார் தங்கள் புதிய சிறு கணினிக்கு இயங்குதளம் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) கேட்டு 1980-இல் வீடு தேடி வந்த நாளில், சிபி/எம் இயங்குதளத்தை எழுதிய கேரி கில்டால் விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால் வாய்ப்பு பில் கேட்ஸின் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனது என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அன்று காலை அவர் தன் விமானத்தில் போனது உண்மை. ஆனால் உல்லாசத்துக்காகப் போகவில்லை. பில் காட்பவுட் என்ற வாடிக்கையாளரைத் தொழில் காரியமாகப் பார்க்கப் போனார். வன்பொருள் நிறுவனங்களோடு உரிமம் பேசுவது எப்போதுமே அவர் மனைவி டோரதியின் பொறுப்பு. ஐபிஎம் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தம் முழுக்க ஒருதலைப்பட்சமாக இருந்தது. வழக்கறிஞரோடு உட்கார்ந்து படித்துப் பார்த்த டோரதி கையெழுத்திடத் தயங்கினார். அதில் என்ன குற்றம்?

அதன் பிறகும் பேச்சு நடந்து, கில்டாலின் சிபி/எம்-86 இயங்குதளத்தையும் விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. கடைக்கு வந்தபோது மைக்ரோசாஃப்ட் கொடுத்த பிசி டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். ஆறு மடங்கு! தனி மனிதராகத் தொடங்கி வளர்ந்த ஒரு மென்பொருளாளரை ஒரு வன்பொருள் நிறுவனம் விலைச்சீட்டை வைத்தே முடித்துவிட்டது. இதைச் சொல்லாமல் விமானக் கதையைச் சொல்வது அநியாயம்.

தேன்மொழி:
விமானக் கதை தேய்ந்த கதை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன், அண்ணா. ஆனால் பழி முழுவதையும் ஐபிஎம் தலையில் கட்டுவதை ஏற்க முடியாது. அவர்கள் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். கில்டால் பிரதிக்கு இவ்வளவு என்று ராயல்டிதான் வேண்டும் என்றார். ராயல்டி கேட்டால் அது விலையில் ஏறத்தான் செய்யும்.

மைக்ரோசாஃப்ட்டும் அப்போது சின்ன நிறுவனம்தான். 1975-இல் எம்ஐடிஎஸ் தயாரித்த ஆல்டேர் கணினிக்கான பேசிக் நிரல் மொழியை அந்த நிறுவனத்துக்குப் பத்தாண்டு தனியுரிமையாக எழுதிக் கொடுத்தது. மற்ற தயாரிப்பாளர்களுக்கும் அதைக் கொடுக்க எம்ஐடிஎஸ் தன்னால் இயன்ற முயற்சி செய்ய வேண்டும் என்று ஒரு வரி அதில் இருந்தது. 1977-இல் பெர்டெக் என்ற நிறுவனம் எம்ஐடிஎஸ்ஸை வாங்கியதும் மற்றவர்களுக்குக் கொடுக்க மறுத்தார்கள், ராயல்டியையும் நிறுத்தினார்கள். கையில் பணமில்லாத நிலையில் மைக்ரோசாஃப்ட் நடுவர் முன் போய் அந்த ஒற்றை வரியைக் கொண்டே வென்றது. ஐபிஎம்மோடு பேசியபோது மைக்ரோசாஃப்ட்காரர்கள் பணத்தில் விட்டுக்கொடுத்தார்கள். மற்ற தயாரிப்பாளர்களுக்கு விற்கும் உரிமையை மட்டும் விடவில்லை. சூடு கண்ட பூனை அது. கில்டாலுக்கு அந்தச் சூடு படவே இல்லை.

மதியழகன்:
தங்கையே, உங்கள் வாதமே என் பக்கம்தான் வருகிறது. மற்றவர்களுக்கு விற்கும் உரிமையைக் கில்டாலும் விடவில்லையே! அதைத்தான் அவர் தொடக்கத்திலிருந்தே செய்துவந்தார். சில்லு தயாரிக்கும் இன்டெல்லுக்காக பிஎல்/எம் என்ற நிரல் மொழியை எழுதியவர், 1974-இல் சிபி/எம்மைக் காட்டினார், இன்டெல் வேண்டாம் என்றது. பிறகு இம்சாய் என்ற கணினி நிறுவனத்துக்காக அதை மாற்றி எழுதும் வேலை வந்தபோது, இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் பகுதியைத் தனியே பிரித்து பயாஸ் என்று பெயரிட்டார். அதனால்தான் எந்தத் தயாரிப்பாளரும் அந்தச் சிறு பகுதியை மட்டும் எழுதிக்கொண்டு சிபி/எம்மைத் தம் கணினியில் ஓட்ட முடிந்தது. தயாரிப்பாளர்கள் பலராக இருந்தவரை ஒருவரும் அவரை மிரட்ட முடியவில்லை. உரிமை காகிதத்தில் பத்திரமாக இருந்தது. கடை அலமாரி ஐபிஎம் கையில் இருந்தது. இதற்கு எந்த வரி காப்பாற்றும்?

சுப்பையா:
இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் குறுக்கிடுகிறேன். ஓர் எடைபோடும் கருவித் தயாரிப்பாளருக்கு நான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கருவிக்கு இவ்வளவு என்று ராயல்டி பேசினோம். எத்தனை கருவி விற்றது என்பது அவர்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும். சந்தையில் எங்கு பார்த்தாலும் அந்தக் கருவி, என் கணக்கில் மட்டும் விற்பனை ஏறவில்லை. கணக்குப் புத்தகத்தைக் காட்டக் கேட்டேன். அடுத்த மாதிரியில் என் மென்பொருளையே எடுத்துவிட்டார்கள். ஆகவே மதியழகன் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு: குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்று எழுதிவிட்டால், அலமாரியில் முடக்கிவைப்பது அவர்களுக்கே நட்டம்.

தேன்மொழி:
சுப்பையா ஐயா சொன்னது சரி. ஆனால் விலையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, காலம். ஐபிஎம் பிசி அறிவிக்கப்பட்டது 1981 ஆகஸ்ட் 12. பிசி டாஸ் அதனுடனேயே வந்தது. சிபி/எம்-86 வந்து சேர்ந்தது 1982-இல். அதற்குள் நிரல் எழுதுவோர் டாஸுக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள். 40 டாலருக்கு விற்றிருந்தாலும் கடினம்தான்.

நீலமேகம்:
நீங்கள் இருவரும் உண்மையிலேயே ஏமாந்தவரை மறந்துவிட்டீர்கள். சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ். அது வன்பொருள் நிறுவனம்! இன்டெல்லின் 8086 சில்லுக்கான சிபி/எம் வரக் காணோமே என்று அங்கிருந்த டிம் பேட்டர்சன் 1980-இல் தாமே ஓர் இயங்குதளம் எழுதினார். மைக்ரோசாஃப்ட் முதலில் உரிமம் எடுத்து, 1981 ஜூலையில் 50,000 டாலருக்கு முழுதாக வாங்கிக்கொண்டது. அதுதான் பிசி டாஸ் ஆனது. வாங்குவது யாருக்காக என்று சொல்லவில்லை. பிறகு அந்த நிறுவனம் வழக்குப் போட்டு 1986-இல் 9,25,000 டாலர் பெற்றது. எனவே வன்பொருளார் கொடியவர், மென்பொருளார் அப்பாவி என்ற பிரிவினை இங்கே செல்லாது.

மதியழகன்:
அந்த இயங்குதளம் எதைப் பார்த்து எழுதப்பட்டது, நீலமேகம்? சிபி/எம்மின் கையேட்டை வைத்துக்கொண்டு அதே அழைப்புமுறைகளோடு, அதாவது நிரல்கள் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அதே முறைகளோடு எழுதப்பட்டது. கோப்புகளைச் சேமிக்கும் முறை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கில்டாலுக்கு அது தன் உழைப்பின் நகலாகவே பட்டது. கணினி நிரல்களுக்குப் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்கச் சட்டம் தெளிவாகச் சொன்னதே 1980-இல். இயங்குதளத்துக்கும் அது பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆப்பிள்–ஃபிராங்க்ளின் வழக்கில் தீர்ப்பளித்தது 1983-இல். கில்டால் நீதிமன்றம் போயிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. அன்று எந்தத் தீர்ப்பைக் காட்டி வழக்காடியிருப்பார்?

தேன்மொழி:
இதை ஏற்கிறேன். சட்டம் அவருக்குப் பிந்தி வந்தது. ஆனால் அண்ணா, அடுத்த சுற்றையும் பாருங்கள். 1988-இல் அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் மைக்ரோசாஃப்ட்டின் டாஸுக்குப் போட்டியாக டிஆர் டாஸ் கொண்டுவந்தது. நல்ல மென்பொருள். அப்போது குறுக்கே நின்றது வன்பொருள் நிறுவனமில்லை, மைக்ரோசாஃப்ட்டின் உரிமம். எந்த இயங்குதளத்தைப் போட்டு விற்றாலும், அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் தயாரிப்பாளர் மைக்ரோசாஃப்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற வகை ஒப்பந்தம். அப்படியிருக்க டிஆர் டாஸுக்கும் சேர்த்து இரட்டைச் செலவு செய்ய யார் முன்வருவார்? அமெரிக்க நீதித்துறையோடு 1994-இல் செய்த உடன்பாட்டில்தான் மைக்ரோசாஃப்ட் அந்த முறையைக் கைவிட ஒப்புக்கொண்டது. டிஜிட்டல் ரிசர்ச் 1991-லேயே நாவெல் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. ஒப்பந்த வரிகளுக்கு வலிமை இல்லை என்று இனியும் சொல்வீர்களா?

மதியழகன்:
வலிமை உண்டு, எழுதவைக்கும் வலு உள்ளவனுக்கு. 1980-இல் கில்டாலுக்கு அது ஐபிஎம் முன்னால் இல்லை. சுப்பையா ஐயா சொன்ன உத்தரவாதத் தொகையை அன்று கேட்டிருந்தால் ஐபிஎம் எழுந்து போயிருக்கும்.

சுப்பையா:
போயிருக்கலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அவர்களுக்கும் அவசரம். ஓராண்டுக்குள் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவரும் திட்டம் அது. அன்று இருந்த சிறு கணினி நிரல்களில் பெரும்பாலானவை சிபி/எம்முக்காக எழுதப்பட்டவை. வாங்குபவர் அவசரத்தில் இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் நம்மைப் போன்றவர்கள் எதையாவது கேட்டு வாங்க முடியும். டோரதி அந்த ரகசிய ஒப்பந்தத்தில் தயங்கியது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வாரமே தங்கள் நிபந்தனைகளை எழுதி ஐபிஎம் மேசையில் வைத்திருக்க வேண்டும்.