சாக்கெட்டில் உட்கார்ந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வைகைக்கரை ஆசிரியை

ஆயுத பூஜை அன்று நடந்தது. மாதங்கள் கடந்தும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மகள் கட்டடக்கலை முதலாம் ஆண்டு. கையில் இருந்தது 22 ஆயிரம். பழைய பாகங்களாக வாங்கி நாங்களே பூட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். ஐ3-8100 பிராசசர் ஒருவரிடம், எச்110 மதர்போர்டு ஒரு கடையில். பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் எண் இரண்டிலும் 1151 என்றுதான் இருந்தது. கடைக்காரரும் "1151க்கு 1151, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்றார். போட்டோம். பிராசசர் ஓரத்தில் உள்ள இரண்டு பள்ளங்களும் சாக்கெட்டின் மேடுகளோடு அப்படியே பொருந்தின. கம்பியை அழுத்தினேன், சிக்கென்று மூடிக்கொண்டது.

கேபினட்டுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்து, பொத்தானை மகளையே அழுத்தச் சொன்னேன். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. "சிக்னல் இல்லை" என்ற சின்னப் பெட்டி மட்டும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் விரலில் ஒட்டிய சந்தனம் காயும் வரை அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகுதான் தெரிந்தது. 2017இல் எட்டாம் தலைமுறைப் பிராசசர்கள் (எங்கள் ஐ3-8100 அதில் ஒன்று) வந்தபோது இன்டெல் அதே 1151 முட்களை வைத்துக்கொண்டு, சில முட்களின் வேலையை மாற்றிவிட்டது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் எச்310, பி360 போன்ற 300 வரிசை மதர்போர்டு வேண்டும். எச்110 ஆறுக்கும் ஏழுக்கும் உரியது. பொருந்தக் கூடாத பொருள் ஏன் அவ்வளவு அழகாகப் பொருந்த வேண்டும்?

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எழுதுங்கள்.

நெல்லைத் தம்பி

டீச்சர், உங்களுக்கு எண். எனக்கு ஒரே ஓர் எழுத்து.

ஐ3-12100எஃப் பிராசசர். பெயரில் எஃப் இல்லாததைவிட விலை குறைவு என்று எடுத்தேன். அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். இரவு பத்து மணிக்குப் பூட்டி முடித்தேன், விடியற்காலை நான்கு வரை எச்டிஎம்ஐ கேபிளை மாற்றி மாற்றிச் செருகினேன். ரேமைக் கழற்றித் துடைத்தேன். மானிட்டரைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதித்தேன். அப்பா இரண்டு முறை எழுந்து வந்து வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

காலையில் கடைக்குப் போன் செய்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "கிராபிக்ஸ் கார்டு என்ன போட்டிருக்கிறீர்கள்?" போடவில்லை என்றேன். "எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாதே, தம்பி." விற்கும்போது ஏன் இதைக் கேட்கவில்லை என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இன்னும் அந்தக் கேள்வி தொண்டையிலேயே நிற்கிறது.

சிந்தாதிரிப்பேட்டை

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து நின்று படியுங்கள்.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். என்னுடைய பழையது, கேபிள்களைத் தனியாகக் கழற்றும் வகை. அது பழுதானதும் புதியதை ரிச்சி தெருவில் வாங்கி வந்தேன், அதுவும் கழற்றும் வகைதான். பழைய கேபிள்கள் கேபினட்டின் பின்புறம் ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டியிருந்தன. அவிழ்ப்பானேன் என்று எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றி, பழைய கேபிளையே அதில் செருகினேன். ஆறு முள், அதே வடிவம், அதே கொக்கி.

பொத்தானை அழுத்தியதும் "டப்" என்று மெல்லிய சத்தம். தீக்குச்சி அணைந்த மாதிரி ஒரு வாடை.

ஹார்டு டிஸ்க் பக்கத்து முனைக்குப் பொதுவான விதி உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு எந்த விதியும் கிடையாது. எந்த முள்ளில் எந்த மின்னழுத்தம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலும் மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டது. ஹார்டு டிஸ்க் அசையவில்லை. அதில்தான், என் மகள் பிறந்தபோது அம்மா பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு இருந்தது. அம்மா இப்போது இல்லை.

டிஸ்க் பழுதுபார்க்கும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். பச்சைப் பலகையைக் கழற்றி, மீட்டரின் ஊசியை ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் மீட்டர் கத்தியது. அரிசி நொய் அளவு டையோடு ஒன்று. அளவு மீறி மின்னழுத்தம் வந்தால் தான் கருகி மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே அதை வைக்கிறார்களாம். அதை எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்தார். டிஸ்க் சுழலும் ஓசை கேட்டது. அவர் மேசை அருகிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்த பிறகுதான் எழுந்தேன்.

கேபிள் தானே என்று நினைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் மாறினால் அதனுடன் வந்த கேபிள்தான். பழையதை அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.

கோவை கணினிப் பிரியன்

என் அனுபவம் சின்னது. ரைசன் 5 5600ஜி வைத்திருந்தேன், பிறகு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு வாங்கினேன். பொருந்தியது, ஓடியது, ஆனால் எதிர்பார்த்த வேகம் இல்லை. அந்தக் கார்டுக்குத் தரவு போய்வர நான்கு பாதைதான். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ நான்காம் தலைமுறையாக இருந்தால் நான்கே போதும். 5600ஜி கொடுப்பதோ மூன்றாம் தலைமுறை, அதில் ஒவ்வொரு பாதையும் மெதுவானது. நான்குவழிச் சாலையில் வந்த வண்டியைச் சந்துக்குள் திருப்பிவிட்ட கதைதான்.

ஆனால் ஆசிரியை அம்மாவுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பழையது வாங்கியதே தவறு. இருபத்திரண்டாயிரத்தில் பழைய பாகம் தேடாமல், இன்னும் கொஞ்சம் சேர்த்து, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள புதுப் பிராசசர், அதற்கேற்ற மதர்போர்டு, எட்டு ஜிபி ரேம் இரண்டு என்று போயிருக்கலாம். ஒரே 16 ஜிபி குச்சி வேண்டாம், இரண்டாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் தனக்கென நினைவகம் இல்லாமல் ரேமைத்தான் பயன்படுத்துகிறது, ஒற்றைக் குச்சியில் அது திணறும். மதர்போர்டு வாங்கும் முன் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்தைத் திறந்து, ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பிராசசர் பெயருக்கு நேரே எந்த பயாஸ் (மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) பதிப்பு என்றும் போட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் ஆயுத பூஜை நல்லபடியாக நடந்திருக்கும். பெயரில் ஒரே சிப்செட் (எச்110 போன்ற அந்த எண்) இருந்தாலும் டிடிஆர்4 ரேமுக்கு, டிடிஆர்5 ரேமுக்கு என்று இருவகை மதர்போர்டு வரும். எச்610இல் இரண்டும் கடையில் உண்டு. இரண்டு ரேமுக்கும் 288 முள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தக் கூடாது. கேபினட் வாங்கும்போது பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரத்தையும் கார்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். நெல்லைத் தம்பி, நீங்களும் இதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்தேவி பயணி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கோவை அண்ணா பட்டியலைப் பாருங்கள் என்கிறார். நான் பார்த்தேன். பட்டியலில் என் பிராசசரின் பெயர் இருந்தது. பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது.

பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பி450 மதர்போர்டும் ரைசன் 5 5600உம் வாங்கினேன். பி450 வந்தது 2018இல், 5600 வந்தது 2022இல். பட்டியல் சொல்வது, புதிய பயாஸ் ஏற்றினால் ஓடும் என்று. என் கைக்கு வந்த பலகையோ பல காலம் பெட்டியிலேயே கிடந்தது, பழைய பயாஸ். புதியதை ஏற்ற வேண்டுமானால் கணனி ஓட வேண்டும். கணனி ஓட வேண்டுமானால் புதிய பயாஸ் வேண்டும். பிராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் சில பலகைகளில் உண்டு. என்னுடையதில் இல்லை. கொழும்புக்குத் திரும்பிப் போக நானூறு கிலோமீட்டர்.

நண்பனின் அக்கா வீட்டில் ரைசன் 3 2200ஜி போட்ட கணனி ஒன்று இருந்தது. அவர் தன் கணனியை நிறுத்தி, பிராசசரைக் கழற்றித் தந்தார். இந்த வகையில் முட்கள் பிராசசரின் அடியில்தான் இருக்கும், 1331 முள், ஒன்று வளைந்தாலும் வம்பு. சோப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து, அதன் மேல் பிராசசரை மல்லாக்க வைத்து, சைக்கிளில் ஒரு கையால் அந்தப் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு குழியிலும் இறங்கி உருட்டினேன். பயாஸ் ஏறிக்கொண்டிருந்த நிமிடங்களில் மின்சாரம் போய்விடக் கூடாதென்று அம்மா பிள்ளையாரைக் கும்பிட்டார்.

அன்று மாலையே அதே பெட்டியில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன்னுடையது ஓடுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, "உன்னுடையது வந்ததா?" என்றுதான் முதலில் கேட்டார் அந்த அக்கா.

திருப்பூர் பழையவன்

கோவை நண்பரே, "இன்னும் கொஞ்சம் சேர்த்து" என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். அந்தக் கொஞ்சம் இருந்தால் ஓர் ஆசிரியை மகளுக்குப் பழையது தேடிப் போவாரா? பழையது வாங்கியது தவறில்லை. இரண்டு எண்கள் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று விற்றவர் சொன்னதே தவறு. அதை ஏன் ஆசிரியை தலையில் வைக்கிறீர்கள்?

டீச்சர் எடுத்த ஐ3-8100 நல்ல தேர்வு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. பழைய சந்தையில் ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை இப்போது மலிவாகத் தள்ளிவிடுவது இதனால்தான். அம்மா சரியான பக்கத்தில்தான் நின்றிருக்கிறார், பலகை மட்டும் தவறிவிட்டது.

நான் பனியன் கம்பெனிகளுக்குக் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு கட்டிங் மாஸ்டர் தன் மகனுக்காக, பெரிய அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட ஒல்லியான கணினியை வாங்கி வந்தார். கூடவே கிராபிக்ஸ் கார்டும். கார்டு செருகுமிடத்தில் சரியாகப் போனது. ஆனால் கதவு மூடவில்லை. கார்டு இரண்டு விரல் அளவு வெளியே நின்றது. குட்டையான வகை என்று தனியாக உண்டு, அது அவருக்குத் தெரியாது. வேறு கேபினட்டுக்கு மாற்றலாம் என்று பார்த்தால், அந்தப் பலகைக்கு வழக்கமான 24 முள் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, அந்த நிறுவனத்தின் தனி முள்தான். மகன் கதவில்லாமலே ஓட்டலாம் என்றான். மாஸ்டர் கேட்கவில்லை. துணி வெட்டும் அட்டையை எடுத்தார், கார்டு நீண்டிருந்த அளவைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்தார், ஒரே வெட்டு. அந்த அட்டையை மடித்துக் கதவு மாதிரி மாட்டிக் காட்டினார். இழை பிசகாமல் பொருந்தியது. அட்டை சூடாகும், காற்றும் போகாது என்று சொல்லித் தடுக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரிடம் கேட்டு அந்த அட்டையை வாங்கிக்கொண்டேன். அதே அளவில் தகரத்தில் துளையிட்டுச் செய்து, பிறகு கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன்.

வைகைக்கரை ஆசிரியை

திருப்பூர் ஐயாவுக்கு நன்றி. கோவை நண்பர் மீதும் எனக்கு வருத்தமில்லை, பட்டியலைப் பார்க்கச் சொன்னது சரிதான். சிந்தாதிரிப்பேட்டைக்காரர் எழுதியதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். தாலாட்டு மீண்டு வந்த இடத்தில் அவள் கண் கலங்கிவிட்டது.

கதையின் மீதியைச் சொல்லவில்லையே. அந்தக் கடைக்காரர் எச்110ஐத் திரும்ப எடுக்கவில்லை. வேறிடத்தில் பழைய எச்310 ஒன்று கிடைத்தது. ரேம் டிடிஆர்4 என்பதால் அதையே மாற்றிப் போட்டோம். தீபாவளிக்கு முதல் நாள் திரையில் வெளிச்சம் வந்தது. கேபினட்டில் வைத்த சந்தனத்தை நாங்கள் துடைக்கவே இல்லை.

எச்110 என் அலமாரியில் சும்மா கிடக்கிறது. ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறைப் பிராசசர் வைத்திருப்பவர்கள் மதுரைக்கு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். பணம் வேண்டாம்.

நெல்லைத் தம்பி

டீச்சர், என் சித்தி மகனிடம் ஐ3-6100 இருக்கிறது. அவனுடைய பலகை மழையில் நனைந்து போய்விட்டது. பட்டியலில் பார்த்துவிட்டேன், எச்110இல் 6100 இருக்கிறது. அவன் பத்தாம் வகுப்பு, விண்டோஸுக்குப் பதில் உபுண்டு போட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரலாமா? கூலர் மட்டும் அவனிடம் 1155 காலத்துப் பழையது. அது இதில் உட்காருமா?

திருப்பூர் பழையவன்

உட்காரும், தம்பி. 1155, 1150, 1151 எல்லாவற்றுக்கும் கூலர் மாட்டும் துளைகளின் தூரம் ஒன்றுதான். வெப்பம் கடத்தும் பழைய பசையை நன்றாகத் துடைத்துவிட்டுப் புதுப் பசை வைத்து மாட்டுங்கள்.

வைகைக்கரை ஆசிரியை

ஞாயிறு பத்து மணிக்கு மேல் வா, தம்பி. அவனையும் கூட்டிக்கொண்டு வா, இங்கேயே பூட்டிப் பார்த்துவிடலாம். பசை வாங்க வேண்டாம், மகளிடம் பாதி ட்யூப் மிச்சம் இருக்கிறது.