ஸ்டீரியோ மிக்ஸரை மோனோ சாம்ப்ளரில் இணைக்க ஒய் கேபிள் போதுமா?

தாளவெறியன்:
செகண்ட் ஹேண்டில் பழைய 12 பிட் சாம்ப்ளர் (ஒலித்துண்டைப் பதிந்து திரும்ப வாசிக்கிற பெட்டி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. லைன் இன்புட் ஒன்றே ஒன்றுதான், கால் இஞ்ச் ஜாக், பேலன்ஸ்டு என்று மேனுவலில் போட்டிருக்கிறார்கள். மிக்ஸரிலோ மெயின் அவுட் இடது, வலது என்று இரண்டு. டர்ன்டேபிள் (ஃபோனோ ப்ரீஆம்ப் வழியாக), ஒரு சின்த் (சிந்தசைசர்), ஒரு டிரம் மெஷின் எல்லாம் மிக்ஸருக்குள் போகின்றன. இடது ஜாக்கை மட்டும் சாம்ப்ளரில் சொருகினால் ரெக்கார்டில் வலது பக்கம் வாசித்த கிட்டார் போய்விடுகிறது. சரி என்று ஹெட்போன் அவுட்டிலிருந்து இரு முனையிலும் ஸ்டீரியோ ஜாக் உள்ள கேபிளைப் போட்டுப் பார்த்தால், பாடுகிறவர் குரலும் பேஸும் கிட்டத்தட்ட காணோம், ரிவெர்ப் மட்டும் எங்கிருந்தோ கேட்கிறது. இது ஏன்? மெயின் அவுட் இரண்டையும் ஒய் கேபிளில் சேர்த்து ஒன்றாக்கிவிடலாமா? ஸ்பீக்கரில் எனக்கு ஸ்டீரியோவாகவே கேட்க வேண்டும், அதை விட்டுத்தர மனமில்லை.

கம்பிக்காரன்:
முதலில் அந்தக் காணாமல்போன குரல். ஹெட்போன் அவுட்டில் ஜாக்கின் நுனியில் இடது, நடு வளையத்தில் வலது. பேலன்ஸ்டு இன்புட் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், அதாவது இடது கழித்தல் வலது. குரல், பேஸ், கிக் எல்லாம் பெரும்பாலும் நடுவில், இரு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் கழித்தால் பூஜ்யம். மிச்சம் பக்கவாட்டு ரிவெர்ப்தான். உங்கள் சாம்ப்ளரில் ஒரு கோளாறும் இல்லை.

ஒய் கேபிள், ஒரு சிக்னலை இரண்டு இடத்துக்கு அனுப்பத்தான். இரண்டு அவுட்புட்டை அப்படியே சேர்த்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். அவுட்புட்டின் மின்தடை மிகக் குறைவு, அதனால் இடது பக்கம் தள்ளுகிற மின்னோட்டத்தில் பெரும்பகுதி சாம்ப்ளருக்குப் போகாமல் வலது அவுட்புட்டுக்குள் போகும். சத்தம் உடையும், மிக்ஸரும் சூடாகும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 470 ஓம் முதல் 1 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர், இரண்டு நுனியும் ரெசிஸ்டருக்கு அப்புறம் சந்திக்க வேண்டும், கிரவுண்டு நேராகச் சேரலாம். ஜாக்கின் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும். வளையத்தைத் தொடாதீர்கள், சாதா மோனோ ஜாக் போதும்.

இரவுமிக்ஸ்:
சால்டரிங் எதற்கு நண்பரே, மிக்ஸர் என்பதே சிக்னலைச் சேர்க்கிற பெட்டிதானே. ஆக்ஸ் சென்ட் (ஒவ்வொரு சேனலிலிருந்தும் வேண்டிய அளவு சிக்னலை மெயின் அவுட்டைத் தொடாமல் தனியாக வெளியே அனுப்பும் வழி) இருக்கிறதா பாருங்கள். அது மோனோ. ஸ்டீரியோ சேனலாக இருந்தால் பெரும்பாலான மிக்ஸர்களில் இடதும் வலதும் சேர்ந்துதான் ஆக்ஸுக்குப் போகும். அதிலிருந்து ஒரே கேபிள் சாம்ப்ளருக்கு, மெயின் அவுட் ஸ்பீக்கருக்கு, நீங்கள் கேட்பது ஸ்டீரியோவாகவே இருக்கும். இன்னொரு வசதி, டர்ன்டேபிளின் ஆக்ஸை மட்டும் திறந்தால் அது மட்டும் சாம்ப்ளருக்குப் போகும், டிரம் மெஷின் பாட்டுக்கு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கலாம். சிலர் எல்லாச் சேனலையும் இடதுக்குப் பேன் செய்யச் (ஒலியை ஒரு பக்கமாக நகர்த்த) சொல்வார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது: ஸ்டீரியோ சேனலில் அந்தத் திருகு பேன் இல்லை, பேலன்ஸ். முழுக்க இடதுக்குத் திருப்பினால் வலது இடதுக்கு வராது, செத்துப்போகும்.

சாம்ப்ளரின் அவுட்புட்டை மிக்ஸருக்கே திரும்பக் கொண்டுவருகிறீர்கள் அல்லவா, அந்தச் சேனலின் ஆக்ஸ் கண்டிப்பாகப் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீல் என்று கத்தும்.

லெவல் (சிக்னலின் அளவு) விஷயம்: மிக்ஸர் +4 டிபியு என்றால் சுமார் 1.23 வோல்ட், சாம்ப்ளர் -10 டிபிவி என்றால் 0.316 வோல்ட், கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். ஆக்ஸ் மாஸ்டரைக் குறைத்துத் தொடங்கி மீட்டரைப் பார்த்து ஏற்றுங்கள். ரொம்பக் குறைவாகவும் விடக்கூடாது, 12 பிட்டுக்கு மொத்தமே 72 டெசிபல்தான் இடம், அடியில் இருப்பது இரைச்சல்.

தாளவெறியன்:
ஆக்ஸில் போட்டேன், குரல், கிட்டார் இரண்டும் வந்துவிட்டன, நன்றி. சின்த் பேட் (நீண்டு ஒலிக்கிற பின்னணி ஒலி) மட்டும் மெலிந்து கேட்கிறது. ஸ்பீக்கரில் நன்றாகத்தான் இருக்கிறது.

கம்பிக்காரன்:
கோரஸ் எஃபெக்ட் இருக்கும். இடது வலதை வேண்டுமென்றே ஃபேஸ் (அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரம்) மாற்றி அகலமாக்குகிறார்கள், சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கோரஸை அணைத்துவிட்டு சாம்ப்ளிங் செய்து அப்புறம் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்தின் இடது ஜாக் மேல் மோனோ என்றும் எழுதியிருந்தால் அதை மட்டும் சொருகுங்கள், சின்த்தே சரியாக மோனோ தரும்.

பழைய மோனோ ரெக்கார்டுக்கு இந்தச் சேர்க்கை லாபம். மோனோ இசை பள்ளத்தில் பக்கவாட்டில்தான் வெட்டப்பட்டிருக்கும், மேலும் கீழுமான அசைவில் வருவது வெறும் தூசிச் சத்தம், இடதும் வலதும் சேர்ந்தால் அது கழிந்துபோகும்.

இரவுமிக்ஸ்:
1960களின் ஸ்டீரியோ ரெக்கார்டு கிடைத்தால் மட்டும் சேர்க்காதீர்கள். பலவற்றில் டிரம்ஸ் ஒரு பக்கம், குரல் மறுபக்கம் என்று தனித்தனியாகக் கிடக்கும். டிரம்ஸ் இருக்கிற பக்கத்துக் கேபிளை மட்டும் மிக்ஸரில் விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள், சுத்தமான டிரம் பிரேக் (டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற துண்டு) கிடைக்கும்.